கோடு ஆடினால் பாப்பா அழும்

முதலில் கோடு ஆடியது. அப்புறம்தான் பாப்பா அழுதாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதல் ரெண்டு தடவை அமராவதிக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பாப்பா அழுது, இவள் பதறி எழுந்து, முழங்கால் மேசையில் இடித்து, அதனால் லேப்டாப் திரை ஆடியிருந்தால் அது சரி. நடந்தது அப்படி இல்லை. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் கிளம்பி, ஈரத்துணியின் சுருக்கம் மாதிரி நெளிந்து நெளிந்து மேலே ஏறும். எழுத்தெல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அலையும். ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு கேட்கும். அதன்பின் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்தில், பக்கத்தில் தொங்குகிற தூளிக்குள் பாப்பா வீலென்று கத்துவாள்.

செல்போன் பக்கத்தில் இருந்தால் இப்படி வரும், அது அவளுக்கும் தெரியும். மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஸ்பீக்கர் ‘டுட்டுடு டுட்டுடு’ என்று புலம்ப ஆரம்பித்துவிடும். யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பது நமக்கு முன்னால் லேப்டாப்புக்குத் தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்குச் செல்போன் சமையலறை அலமாரியில் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது.

அப்படியென்றால் இது யார் வருவதைச் சொல்கிறது?

சீ, வேலையைப் பார், என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து போய்ப் பாப்பாவைத் தூக்கினாள்.

அமராவதி லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. சிதம்பரத்தில் ஓமக்குளத்துப் பக்கம் மாமனார் கட்டிப்போட்ட தனி வீடு. புருஷன் சபாபதி விடிந்தால் கடலூர் ஃபாக்டரிக்குப் பஸ் ஏறுவான், பொழுது சாய்ந்த பின்னால்தான் வருவான். நாள் முழுக்கக் கைக்குழந்தையோடு ஒண்டியாகக் கிடக்கிறவள் பயந்துகொண்டிருந்தால் கட்டுபடியாகுமா? பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்குத் தீசிஸ் டைப் அடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. நெற்பயிரின் துத்தநாகச் சத்து, வெள்ளாற்று நண்டு, கரும்புச் சக்கை என்று எது வந்தாலும் அடிப்பாள். படிப்பு முடித்து ஊருக்குப் போன ஒரு பையன் விற்றுவிட்டுப் போன லேப்டாப் அது. அந்த வருஷம், 2012இல், கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. பேட்டரி நிற்கும்வரை லாபம் என்று இருட்டிலும் உட்கார்ந்து அடித்துப் பழகியவள்.

அவளுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு பயம். இந்தப் பாப்பாவும் போய்விடுமோ என்ற பயம்.

பாப்பாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். மூச்சுத் திணறுகிறது என்று வேறு வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கேயே முடிந்துவிட்டது. தையல் போட்ட வயிறோடு இவளால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. அழுகையைக் கேட்கவில்லை. ஒரு வாய்ப் பால் அந்தப் பிள்ளை குடிக்கவில்லை. “கொள்ளிடக் கரையில அடக்கம் பண்ணிட்டோம் அமரா, நீ அதயே நெனச்சிட்டிருக்காத” என்று சபாபதி வந்து சொன்னபோது, அவன் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பால் கட்டி மார்பு கல்லாகிப் போயிற்று. வற்றிப்போகட்டும் என்று மல்லிகைப் பூவை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். பூ வாடி, பாலில் ஊறி, புளித்து, அந்த வாடைக்குள்ளேயே படுத்துக் கிடந்தாள்.

இப்போது பாப்பா. பால் வேண்டிய மட்டும் ஊறியது, வேண்டியதற்கு மேலும் ஊறியது. ஆனால் பாப்பா தேறவில்லை. தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது தராசைப் பார்த்து நர்ஸம்மா முகத்தைச் சுளித்தாள். “என்னாம்மா, பால் குடுக்கறியா இல்லியா? போன மாசத்துக்கு எடை எறங்கியில்ல இருக்கு?” அமராவதி ரவிக்கையில் படர்ந்திருந்த ஈரத்தைக் காட்டாத குறைதான். அப்படிப் பெருகுகிற பால் எங்கே போகிறது?

எங்கே போகிறது என்று அவளுக்கே கொஞ்சம் தெரியும், அதை யாரிடம் போய்ச் சொல்வது? திரையில் கோடு ஆடும்போதே அவளுக்கு மார்பு நெறிகட்டிப் பால் இறங்கிவிடும். பாப்பா அழுவதற்கு முன்னாலேயே. பாப்பாவைத் தூக்கி மடியில் போடும்போது மார்பு தளர்ந்து துவண்டு போயிருக்கும். பாப்பா சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு இவளையே பார்ப்பாள்.

காலையில் கட்டுகிற பாலை மட்டும் கிண்ணத்தில் பீச்சி எடுப்பாள். அதை எங்கே ஊற்றுவது என்று அடுத்த வீட்டுச் சௌந்தரம் அக்காதான் சொல்லித் தந்திருந்தாள். “கண்ட எடத்துல கொட்டிடாதடி. தாய்ப்பால யாரும் மிதிக்கக் கூடாது. கால் படாத எடமா பாத்து, செடி கிடி அடியில ஊத்து.” கால் படாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். பின்கட்டில், குளியலறைத் தண்ணீர் ஓடித் தேங்குகிற மூலை, ஒற்றை வாழை நிற்கிற இடம். அந்தப் பக்கம் போகாதே, பாம்பு அடைகிறது என்று சபாபதி சொல்லி, முள்ளை வெட்டிப் போட்டு வைத்திருந்தான். எட்ட நின்று ஊற்றினால் பாம்பு என்ன செய்யும்? மாசக்கணக்காக ஊற்றிக்கொண்டிருந்தாள். வாழை மட்டும் தளதளவென்று, தண்டில் கை வைத்தால் நழுவுகிற மாதிரி இருந்தது. ஆனால் குலை தள்ளவே இல்லை.

கோடு நாளுக்கு நாள் ஜாஸ்தியாகி, ஒரு பக்கம் அடிப்பதற்குள் கண் பூத்துப்போகவே, மேலவீதியில் கடை வைத்திருக்கிற டேவிட் ராஜைக் கூப்பிட்டாள். கடலூர்ப் பையன், வாய் ஓயாமல் பேசுகிறவன். வந்ததும் வராததுமாக வீட்டில் இருந்த ஒவ்வொன்றாக அணைத்தான். டியூப் லைட்டை அணைத்தான், ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைப் பிடுங்கினான், செல்போனை வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தான். இரைச்சலை வடிக்கும் என்று சார்ஜர் ஒயரில் குண்டாக ஒரு கறுப்பு வளையத்தை மாட்டினான்.

“லேப்டாப்பு மேல ஒரு கோளாறும் இல்லக்கா. வெளியேருந்து என்னமோ இதத் தொந்தரவு பண்ணுது. மோட்டாரோ, செல்லோ, சோக்கோ, எதுனா ஒண்ணு. அது கிட்ட வந்தா கோடு ஜாஸ்தியாவும், எட்டப் போனா கம்மியாயிடும். இருங்க, ஆள் எங்க ஒளிஞ்சிருக்கான்னு புடிச்சிடலாம்.”

லேப்டாப்பை ரெண்டு கையிலும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். அமராவதி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். வாசல் பக்கம் திரை சுத்தமாக இருந்தது. சமையலறையில் லேசான நெளிவு. பின்கட்டுக் கதவுப் பக்கம் போகப் போகக் கோடுகள் தடித்தன. அங்கிருந்து திரும்பி வந்தான், கோடுகளும் குறையாமல் கூடவே வந்தன. கூடத்து நடுவில், காலியாகத் தொங்கிக்கொண்டிருந்த தூளிக்கு நேராக நின்றபோது திரையில் எழுத்தே தெரியவில்லை. ஒரே நெளிசல்.

“இது என்னா, நடமாடிட்டு இருக்கு?” என்று டேவிட் ராஜ் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தூளியையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மேசையில் வைத்தான். “எர்த் இல்லக்கா ஒங்க வூட்டுல. மூணாவது பின் சும்மா பேருக்கு நிக்குது, உள்ள ஒயரே இல்ல. வேணாத கரண்ட்டு மண்ணுக்குள்ள எறங்கிடணும். எறங்க வழி இல்லன்னா இப்படித்தான் திரையில வந்து ஆடும். நல்லா ஈரமான எடமா பாத்து ஒரு எர்த் குழி போட்டுடுங்க. சரியாப் பூடும்.”

டீ போடுகிறேன் என்று சொன்னாள். வேண்டாமென்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளே ஒயர்மேன் காத்தவராயன் வந்தார். சபாபதியிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று அமராவதிக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தீசிஸ் கொடுக்க வேண்டிய பையன் தினமும் வந்து வாசலில் நிற்கிறான், இதற்கெல்லாம் ஒரு யோசனையா என்று விட்டுவிட்டாள். காத்தவராயன் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறெங்கும் நிற்காமல் வாழை மூலைக்குப் போய் முள்ளை ஒதுக்கினார்.

“இதான்மா எடம். கோடையில கூடக் காயாது.”

மண் மெத்தென்று வந்தது. முழங்கால் ஆழம் போனதும் கடப்பாரை ‘ணங்’கென்றது. கல். சதுரமாகத் துண்டு போட்ட கடப்பாக் கல், யாரோ அளந்து வைத்த மாதிரி சமமாகக் கிடந்தது. பழைய தொட்டி மூடியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே நெம்பிப் புரட்டினார். அடியில் மண் இல்லை. ஒரு பள்ளம், உள்ளே வழுவழுவென்று, கூழ்ப் பாத்திரத்தின் உட்புறம் மாதிரி. ஒன்றுமே இல்லாத காலிப் பள்ளம். அதிலிருந்து குப்பென்று ஒரு வாடை வந்தது. புளித்த பால், வாடிய பூ. அந்த வாடை அமராவதிக்குப் புதிது இல்லை. பாப்பாவின் முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

“எலி வளையா இருக்கும்” என்றார் காத்தவராயன். தன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வழக்கமாகக் குழாயை இறக்கச் சம்மட்டி வேண்டும். இங்கே கையால் நட்டதுமே அது தானாகச் சரசரவென்று உள்ளே போயிற்று. பிடியை விட்டால் முழுக்கப் போய்விடும் போலிருந்ததால் வாழையோடு சேர்த்துக் கட்டினார். கரித்தூளும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். ஒயரைச் சுவரோரமாக இழுத்துவந்து, மேசைக்கு மேலிருந்த பிளக்குப் பெட்டியின் மூணாவது ஓட்டையில் முறுக்கினார்.

“தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்தும்மா. காயவே வுடாத.”

அவர் போன பின்னால் லேப்டாப்பைப் போட்டாள். அடேங்கப்பா! கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது திரை. ஒரு கோடு இல்லை, ஒரு நெளிவு இல்லை. எழுத்து ஒவ்வொன்றும் கடைந்து வைத்த மாதிரி நின்றது. தேவையில்லாமல் மனசைக் குழப்பிக்கொண்டோமே என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. பாப்பா தூளியில் அசந்து தூங்கினாள். வெளியே ஐப்பசி மேகம் கவிந்து, மத்தியானமே சாயங்காலம் போலிருந்தது. மழை வரும் போல இருந்தது, வரவும் இல்லை.

வேலை ஓடியது. பக்கம் பக்கமாக ஓடியது. இடையில் பாப்பாவைப் பசியாற்ற எடுத்தபோதுதான் அவள் தலையில் முதல் இடி விழுந்தது. பால் இல்லை. கட்டவும் இல்லை, ஊறவும் இல்லை, பீச்சிப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. காலையில் கிண்ணம் நிறைய வந்த மார்பு துணிப்பை மாதிரி தொங்கியது. பாப்பா இழுத்து இழுத்துப் பார்த்து, முகம் சிவந்து கத்தினாள். வெந்நீரில் சர்க்கரை கலந்து பாலாடையில் ஊற்றி எப்படியோ தூங்கவைத்தாள். பயத்தில் வற்றியிருக்கும், ராத்திரி பூண்டு வேகவைத்துத் தின்றால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

மணிக்கட்டை லேப்டாப்பின் விளிம்பில், அந்தத் தகர ஓரத்தில் வைத்தாள்.

லேசாகக் குறுகுறுத்தது. பழைய லேப்டாப்பில் ஷாக் மாதிரி ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்யும், எர்த் போட்டால் அதுகூட நின்றுவிடும் என்று டேவிட் ராஜ் சொல்லியிருந்தான். இத்தனை நாள் இல்லாதது இப்போதுதான் வருகிறது. அதுவும் சீராக வரவில்லை. இழுத்தது. விட்டது. இழுத்தது, இழுத்தது, விட்டது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிற மாதிரி ஒரு இடைவெளி. மறுபடி இழுத்தது.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். பெற்றவள் எவளுக்கும் அந்தத் தாளம் தெரியும்.

கையை உதறிக்கொண்டு எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பாப்பா முழித்துக்கொண்டு அழ ஆரம்பிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஃபேன் தளர்ந்து தளர்ந்து நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. தெருவே ஓய்ந்துபோய்விட்டது. கூடத்தில் மிச்சமிருந்த வெளிச்சம் லேப்டாப் திரை மட்டும்தான்.

தூளியிலிருந்து பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து செல்போனைத் தேடினாள். அவள் கை படுவதற்குள் அதுவே அடித்தது. சபாபதி.

“அமரா, புதுச்சத்திரம் தாண்டிட்டேன். எதுனா வாங்கிட்டு வரவா?”

“ஏங்க, சீக்கிரம் வாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. பாலு சுத்தமா நின்னு போச்சு. கம்ப்யூட்டருக்கு எர்த் குழி போட்டோம் இன்னிக்கு, அதத் தொட்டா…”

“எங்க போட்ட குழி?”

“கொல்லையில. வாழைக்கிட்ட.”

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. கண்டக்டர் விசில் அடித்தான். வண்டி நின்று கிளம்பியது.

“ஏங்க?”

“கல்லு ஒண்ணு இருந்துச்சா?” குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

“இருந்துச்சு. எடுத்துட்டாரு காத்தவராயன்.”

“அடிப் பாவி… அடிப் பாவி…” அவன் அழுகிறான் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. “கொள்ளிடக் கரையில இல்ல அமரா. பொய் சொன்னேன் ஒங்கிட்ட. தலைச்சன் புள்ளைய வெளியில பொதைச்சா மண்டையில மையெடுக்கற மந்திரவாதிங்க தோண்டிட்டுப் போயிடுவானுங்கன்னு பெரியப்பாதான் சொன்னாரு. அதான் வூட்டுலயே… நானே என் கையால… கல்ல அசைக்கக் கூடாது, பெத்தவ பாலு மட்டும் அந்த மண்ணுல ஒரு சொட்டு படக் கூடாதுன்னு சொன்னாரு. பட்டா அது கெடக்காதாம் அமரா, எழுந்து தேடிட்டு வந்துடுமாம். அதுக்குத்தான் முள்ளு வெட்டிப் போட்டேன். பாம்புன்னு சொன்னேன்.”

அமராவதி பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். தினம் காலையில், கிண்ணம் கிண்ணமாக ஊற்றியது கண் முன்னால் வந்து நின்றது.

“அந்த மண்ணுல ஒண்ணும் படலல்ல? அமரா? சொல்லு.”

“பட்டுச்சு” என்றாள்.

“பாப்பாவத் தூக்கிட்டு சௌந்தரம் அக்கா வூட்டுக்குப் போ. இப்பவே. எதையும் பாக்காத, எது கூப்…”

போனில் கரகரப்பு ஏறியது. அவன் குரல் அதற்குள் முங்கிப்போயிற்று. அதே கரகரப்பு கூடத்தில் லேப்டாப் ஸ்பீக்கரிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

போகவேண்டியதுதான். பாப்பா தோளில் இருக்கிறாள். வாசல் கூடத்துக்கு அந்தப் பக்கம். கூடம் குறுகல், மேசைக்கும் சுவருக்கும் நடுவில் தூளி தொங்குகிறது. அதை ஒதுக்கிக்கொண்டு போனால் கதவு. ஒரு பாத்திரம் தேய்க்கிற நேரம்கூட ஆகாது. போ. போடி.

முதலில் ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றியது. அதுதானே வழி? அது வந்த வழி. சுவரை ஒட்டிக்கொண்டே போய், போனை மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பிளக்குப் பெட்டியிலிருந்து எர்த் ஒயரைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. மண்ணுக்கும் வீட்டுக்கும் இனி ஒட்டில்லை. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள்.

கோடு ஆடியது.

கரண்ட் இல்லை. எந்தச் சாமானும் ஓடவில்லை. ஒயரும் கையோடு வந்துவிட்டது. ஆனாலும் கோடுகள் ஏறின. சாம்பலாக இல்லை, கரியாக. தடித்துத் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, கிட்டே, கிட்டே. பிடுங்கிப் பிரயோஜனமில்லை. அது முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது.

பின்னால் கிறீச் என்றது.

தூளிக் கட்டை. கயிறு இறுகுகிற சத்தம். தினம் கேட்கிற சத்தம். பாப்பாவைக் கிடத்தும்போது வருமே, அது.

பாப்பா தோளில் இருக்கிறாள். தொட்டுப் பார்த்தாள். முதுகு, தலை, சூடான காது. இருக்கிறாள்.

மெதுவாகத் திரும்பினாள்.

தூளி கனத்துத் தொங்கியது. அவளுடைய பழைய நூல் புடவை, அடிப்பக்கம் உருண்டு புடைத்து, தரையைத் தொட்டுவிடுகிற மாதிரி இறங்கியிருந்தது. மெல்ல ஆடியது. யாரும் ஆட்டவில்லை. அடியில் ஈரம் படர்ந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. துணிக்குள்ளிருந்து கல்லுப்பு ஒன்று உருண்டு வந்து தரையில் தெறித்தது.

ஓடணும்.

அப்போது அது அழுதது.

பெரிய அழுகை இல்லை. பாப்பா மாதிரி வீறிடவில்லை. பிறந்த அன்றைக்குப் பிள்ளைகள் அழுமே, பூனைக்குட்டி மாதிரி, தொண்டை இன்னும் திறக்காத அழுகை. மூச்சுத் திணறித் திணறி. ஒரு கேவல். நின்றது. இன்னொரு கேவல்.

அமராவதி அந்த அழுகையை அதுவரை கேட்டதில்லை. வேறு வார்டில் அழுதிருக்கும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நாளெல்லாம், எப்படி அழுதிருக்கும், எப்படி அழுதிருக்கும் என்று அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள். இப்படித்தானா அழுதாய்? இப்படியா என் சாமி, யாரும் வராமல்?

மார்பு நெறிகட்டியது. உயிர் போகிற வலி. மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக்கு வழியில்லாத மார்பில் பால் பொங்கி வந்தது. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, வயிற்றுத் தழும்பு வழியாக வழிந்தது. தோளில் கிடந்த பாப்பாவுக்கு வாடை தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து கழுத்தில் தேடினாள், கிடைக்காமல் வீறிட்டாள்.

ரெண்டும் அழுதன. ஒன்று தோளில். ஒன்று தூளியில்.

வாசல் கதவு கையெட்டும் தூரத்தில் இருந்தது. மேசையில் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அவள் குனிந்து பாப்பாவைப் பாயில் கிடத்தினாள். பத்திரமாக, தலைக்குக் கீழே துணி மடித்து வைத்துத்தான் கிடத்தினாள். தூளிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ரவிக்கைக் கொக்கியைக் கழற்றினாள். புடவையின் ரெண்டு விளிம்பையும் விலக்கினாள். உள்ளே பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. கரியும் உப்புமாக, சில்லென்று, எடையே தெரியாத ஒன்று தானாகவே அவள் மடிக்கு இறங்கி வந்தது. ஒரு சின்னக் கை அவள் விரலைத் தேடிப் பற்றியது. இழுத்தது, இழுத்தது, விட்டது.

பாயில் பாப்பா கையையும் காலையும் உதைத்துக்கொண்டு அலறினாள். அமராவதி அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமலேயே ஒரு கையை நீட்டி அவள் வயிற்றில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. அண்ணன் குடிச்சுக்கட்டும்.”

பாப்பா கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முனகினாள். அப்புறம் அதுவும் இல்லை. அமராவதி தட்டிக்கொண்டே இருந்தாள்.